சோசியலுக்கு எதற்கு டியூஷன்?

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் போதும், தெருமுனை மின்கம்பங்களில் டியூஷன் விளம்பரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். சமூக அறிவியலைத் தேடினால் கடைசியில் 'அனைத்துப் பாடங்களும்' என்ற சொல்லுக்குள் அது அடங்கிக் கிடக்கும். அதற்கென்றே தனியாக ஒருவரை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்று ஒரு தாய் சொல்லிப் பார்க்கட்டும். அக்கம்பக்கத்தில் உடனே பதில் வரும். "சோசியல்தானே? உட்கார்ந்து படிச்சா வந்துடப் போகுது. அந்தக் காசைக் கணக்குக்குப் போடுங்க."

ஒன்றிய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2025-ல் எடுத்த கணக்கின்படி, நாடு முழுக்கப் பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் அந்தக் கல்வியாண்டில் தனிப்பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு மேல். இத்தனை வீடுகள் செலவழிக்கும் பணத்திலும் மாலை நேரத்திலும் சமூக அறிவியலுக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒன் மார்க்கை ஒப்பிக்க வைப்பதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது.

மதிப்பெண் கணக்கே இதற்கு எதிராகத்தான் பேசுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500-ல் சமூக அறிவியலுக்கு 100. அறிவியலுக்காவது செய்முறைக்கென்று 25 மதிப்பெண் உண்டு. சமூக அறிவியலில் நூறுக்கு நூறும் எழுத்துத் தேர்வு. ஒரே தாளுக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நாலு பாடங்கள். முதல் உலகப்போரையும் பருவக்காற்றையும் மாநில ஆளுநரின் அதிகாரங்களையும் ஜிஎஸ்டியையும் ஒரே காலையில், ஒரே பேனாவில் எழுத வேண்டும். இதைச் சுலபமான பாடம் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியவில்லை.

இன்னொரு காட்சியும் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. மாவட்ட மைய நூலகத்தின் படிப்பறையில், பட்டம் முடித்த இருபத்தைந்து வயதுப் பெண்களும் ஆண்களும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கோடு போட்டுப் படிப்பார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு அந்தப் புத்தகங்கள்தான் அடித்தளம். பதினைந்து வயதில் அவசர அவசரமாகத் தாண்டி வந்த பாடத்தை, வேலைக்காக மறுபடி பழைய புத்தகக் கடையில் தேடி வாங்குகிறார்கள். பேசிப் பார்த்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்கூல்ல இதை யாரும் புரிய வைக்கலைங்க. கோடு போட்டதைப் படிச்சோம்."

பள்ளி ஆசிரியர்கள்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. வரலாறு பட்டம் பெற்ற பட்டதாரி ஆசிரியர்தான் புவியியலையும் பொருளியலையும் நடத்துகிறார். புவியியல் படித்தவர் காந்திய காலகட்டத்தை நடத்துகிறார். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், இரண்டு தொகுதிப் புத்தகம். அரையாண்டுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும், பிறகு ரிவிஷன் டெஸ்ட். இதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி 'நீ என்ன புரிந்துகொண்டாய், உன் வார்த்தையில் சொல்' என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது.

சமூக அறிவியலுக்கு அப்படிக் கேட்பதுதான் உயிர். கணக்கைத் தப்பாகப் போட்டால் விடை காட்டிக்கொடுத்துவிடும். சமூக அறிவியலில் ஒரு பிள்ளை ஐந்து மதிப்பெண் விடையை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு, அதில் ஒரு வரிகூடப் புரியாமல் இருக்க முடியும். விடைத்தாளில் அது தெரியவே தெரியாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும். தனியாக ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டிய பாடம் பள்ளியில் ஒன்று உண்டென்றால், என் கணிப்பில் அது சமூக அறிவியல்தான்.

மரத்தில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒரு மாலை முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவன் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ராஜாஜி, திருச்சிராப்பள்ளி, 1930 ஏப்ரல் 13, வேதாரண்யம், ஏப்ரல் 28. எல்லாம் சரி. டீச்சர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு எந்த வழியாப் போனாங்க?"

"புக்குல இல்ல டீச்சர்."

"புக்கை மூடு. நீ உங்க அப்பாகூட வேதாரண்யம் போகணும்னா எப்படிப் போவ?"

அவன் யோசித்தான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று இழுத்தான். "அப்போ திருச்சியிலேர்ந்து வர்றவங்க?" தஞ்சாவூர் என்றான். அடுத்து? சட்டென்று முகம் மாறியது. "நம்ம ஊரா டீச்சர்?"

ஆமாம், கும்பகோணம் வழியாகத்தான் போனார்கள். ஏறத்தாழ நூறு தொண்டர்கள், சித்திரை வெயிலில் கால்நடையாக. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களையும் தங்க இடம் தருகிறவர்களையும் சிறையில் தள்ளுவோம் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். வீட்டு வாசலில் இலை போட முடியாது. ஊர்க்காரர்கள் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிப் போகிற வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார்கள்.

இதையெல்லாம் டீச்சர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. 'சோறு போட்டா ஜெயில்னா நீ என்ன பண்ணுவ?' என்று கேட்டு நிறுத்தினார். பையன் இரண்டு மூன்று வழி சொன்னான். ராத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கோயிலில் வைத்துக் கொடுக்கலாம். மரத்துச் செய்தியைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகுதான் அவனிடமிருந்து கேள்வி வந்தது.

"அடிச்ச போலீஸ்காரங்க எல்லாம் வெள்ளைக்காரங்களா டீச்சர்?"

"அதிகாரிங்க வெள்ளைக்காரங்க. கான்ஸ்டபிள் எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதான்."

"அப்புறம் ஏன் அடிச்சாங்க?"

இந்தக் கேள்விக்குப் பாடநூலின் பின்பக்கத்தில் இடமில்லை. எந்த வினாத்தாளிலும் இது வராது. ஆனால் காலனி ஆட்சி எப்படி நடந்தது என்பதன் முடிச்சு இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பேர் கடல் தாண்டி வந்து இத்தனை கோடிப் பேரை எப்படி ஆண்டார்கள்? சம்பளம், பயம், பழக்கம், பதவி என்று அவனே ஒவ்வொன்றாகச் சொல்ல, டீச்சர் அவன் நோட்டில் அவன் சொன்ன சொற்களையே எழுதவைத்தார். அரைமணி நேரம் ஒரே ஒரு வினாவில் போயிற்று. வகுப்பில் அரைமணி நேரத்தில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். அவசரத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது வீண் எனத் தோன்றலாம். அடுத்த வாரம் ஒத்துழையாமைக்கும் சட்டமறுப்புக்கும் வேறுபாடு எழுதச் சொன்னபோது அவன் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதினான் என்று டீச்சர் சொன்னார்.

மேட்டூர் நீர்மட்டம் இன்று

அதே திண்ணையில் புவியியல் வேறு விதமாக நடக்கிறது. நாளிதழில் தினமும் ஒரு மூலையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் வரும். டெல்டாவில் பெரியவர்கள் காலையில் முதலில் பார்க்கும் செய்தி அது. பிள்ளைகள் பார்ப்பதில்லை. டீச்சர் அதை வெட்டி ஒட்டச் சொல்கிறார். ஒரு மாதம் ஒட்டியதும் கேள்வி தொடங்குகிறது. ஜூலையில் இங்கே ஒரு தூறல்கூட இல்லையே, அணையில் எப்படித் தண்ணீர் ஏறுகிறது?

விடைக்கு ஒரு வெள்ளைத்தாள் வேண்டும். குடகு மலையில் தலைக்காவிரியில் ஒரு புள்ளி. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கொட்டுகிறது. கிருஷ்ணராஜசாகர், ஒகேனக்கல், மேட்டூர். பவானியில் ஒரு ஆறு வந்து சேர்கிறது, கரூர் தாண்டி அமராவதி சேர்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் மறுபடி கிளைகள். கடைசியில் பூம்புகார். கையால் இதை வரைந்த பிள்ளைக்கு, மேற்குத்தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. தன் ஊர் அந்த மறைவில்தான் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால்தான் தன் கூரையில் மழை என்பது அவன் தாளிலேயே தெரிந்துவிடுகிறது. குறுவைக்காக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பது ஏன் அத்தனை பெரிய செய்தி என்பதும், கர்நாடகத்தோடு ஏன் இத்தனை காலம் வழக்கு என்பதும் அதிலிருந்து பிறக்கின்றன. புவியியலில் தொடங்கியது குடிமையியலில் வந்து நிற்கிறது. நாலு பாடத்தை ஒரே புத்தகமாகக் கட்டியதன் பொருள் இப்படிச் சொல்லித்தரும்போதுதான் விளங்கும்.

வேறு ஊர்ப் பிள்ளைக்கு வேறு கதவு. கோயம்புத்தூர்ப் பிள்ளையிடம் பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கலாம். ஆடி மாதக் காற்று ஏன் இந்த ஊரில் மட்டும் இப்படி அடிக்கிறது என்று அது ஏற்கெனவே யோசித்திருக்கும். சென்னைப் பிள்ளைக்கு முதல் உலகப்போர் என்றால் ஐரோப்பாவில் எங்கோ நடந்த சண்டை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் வந்து துறைமுகத்தையொட்டி இருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்ததையும், குண்டு விழுந்த இடம் என்று உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் கல்வெட்டு வைத்திருப்பதையும் சொல்லிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப்போய்க் காட்டினால் இன்னும் நல்லது. செராஜிவோவில் நடந்த ஒரு கொலைக்கும் சென்னைக் கடற்கரையில் எரிந்த எண்ணெய்க்கும் நடுவே என்னென்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையே தேடும். போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கொரு கதவைத் திறக்க முடியாது. ஒற்றைப் பிள்ளைக்கு முடியும்.

புளூம் கண்டது

தனிப்பயிற்சி பற்றிப் பேசினால் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமை விட்டுவிட முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வு மாணவர்கள் இருவர் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வகுப்பு, ஓர் ஆசிரியருக்கு முப்பது பேர். இன்னொரு குழுவுக்குத் தனிப்பயிற்சி. 1984-ல் புளூம் முடிவை வெளியிட்டார். தனிப்பயிற்சி பெற்ற சராசரிப் பிள்ளை, வழக்கமான வகுப்பில் இருந்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தியிருந்தது. கல்வி உலகம் இன்றும் அந்தக் கட்டுரையைச் சுற்றித்தான் வாதாடுகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2011-ல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. அதுவே சாதாரணப் பலன் இல்லை.

அந்தச் சோதனையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த பாடங்கள் இரண்டு. ஒன்று நிகழ்தகவு. மற்றது வரைபடவியல், அதாவது மேப் பாடம். தனிப்பயிற்சியின் வலிமைக்கு உலகமே எடுத்துக்காட்டும் சோதனையில் பாதி நம் சோசியல் புத்தகத்துக்குள் இருக்கும் விஷயம். கணக்குக்குத்தான் டியூஷன் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பலன் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஒரு பகுதி முடிந்ததும் சின்னச் சோதனை, தப்பு எங்கே என்று பார்த்து அதை அங்கேயே சரிசெய்வது, சரியான பிறகுதான் அடுத்த பகுதி. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் பலன் வந்துவிடாது. பிள்ளை தொலைக்காட்சி பார்க்காமல் காவல் காக்கிற டியூஷன் மாஸ்டர்கள் நம் ஊரில் நிறையப் பேர். முக்கியக் கேள்விகளைக் குறித்துக் கொடுத்துவிட்டு 'படி, ஒப்பி' என்று கைப்பேசியில் மூழ்குகிறவர்களும் உண்டு. அதற்குக் காசு கொடுப்பதைவிடப் பிள்ளையை விளையாட விடலாம்.

வகுப்பில் கேட்க முடியாத கேள்வி

பத்தாம் வகுப்பு வரலாற்றின் கடைசிப் பாடம் 'தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்'. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், நீதிக்கட்சி, பெரியார், எம்.சி. ராஜா எல்லாரும் அதில் வருகிறார்கள். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் பல பள்ளிகளில் வேகமாக ஓடிவிடும் பாடம். பிள்ளைகளின் மனதில் மிக அதிகமாகக் கேள்வி எழுப்பும் பாடமும் இதுவே. அந்தக் கேள்விகளை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் என்ன நினைப்பான், நாளைக்கு எப்படிக் கூப்பிடுவான் என்ற அச்சம் பதினைந்து வயதில் மிகப் பெரியது.

தனியாக இருக்கும்போது கேட்டுவிடுவார்கள். 'எங்க தெரு மட்டும் ஏன் ஊருக்கு வெளியில இருக்கு மிஸ்?' என்று ஒரு பெண் கேட்டதாகச் சேலம் பக்கத்து ஆசிரியை ஒருவர் சொன்னார். இன்னொரு வீட்டில், 'எங்க தாத்தா அவங்களை வீட்டுக்குள்ள விட மாட்டாரு, அது தப்பா சார்?' என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம். தாத்தா அடுத்த அறையில்தான் இருந்தாராம்.

இங்கே மழுப்பினால் அதோடு அந்தப் பிள்ளையின் கேள்வி நின்றுவிடும். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்பது பொய், பிள்ளைக்கே தெரியும். 'பரீட்சைக்கு வராது' என்றால் பாடமே பொய்யாகிவிடும். அந்தச் சேலம் ஆசிரியை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவைப் புத்தகத்தில் எடுத்துக்காட்டி, தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிப்பது குற்றம் என்பதை அந்தப் பெண்ணையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரும் கக்கனும் மற்றவர்களும் நுழைந்ததைச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தக் கதவு யாருக்கு மூடியிருந்தது, யார் மூடி வைத்திருந்தார்கள், எந்தச் சட்டத்தால் திறந்தது, சட்டம் வந்த பிறகும் எங்கெல்லாம் திறக்கவில்லை. ஒரு மாலையில் முடிகிற பேச்சு இல்லை. நாலைந்து மாலை ஆனது என்றார். அந்தப் பெண் அதன் பிறகு பாடத்தில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் 'இவர் எந்த ஊர், என்ன படித்தார், யார் எதிர்த்தார்கள்' என்று கேட்க ஆரம்பித்தாளாம்.

இதில் ஒரு அபாயமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. நான்கு சுவருக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் வரலாறு பேசும்போது, பெரியவரின் கட்சியும் மதமும் சாதிப் பெருமிதமும் பாடமாகிவிட முடியும். வகுப்பில் நாற்பது பேர் சாட்சி. இங்கே ஒருவரும் இல்லை. கேட்டால் தெரிந்துவிடும்: நல்ல ஆசிரியர் 'நீ என்ன நினைக்கிறாய், ஏன்' என்று கேட்பார். 'உண்மையான வரலாறு இதுதான், புத்தகத்தில் மறைத்துவிட்டார்கள்' என்று தொடங்குகிறவரிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாடம் எப்போதும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில், கதவு திறந்தே நடக்கட்டும். காதில் விழுகிற தூரத்தில் யாராவது இருப்பது பிள்ளைக்கும் பாதுகாப்பு, சொல்லித்தருகிறவருக்கும் மரியாதை.

மதிப்பெண்ணும் வேண்டும்தான்

'எல்லாம் சரி, மார்க் வருமா?' என்று கேட்கும் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் கிடைக்கும் என்பது அந்த ஐந்நூறில்தான் இருக்கிறது. வினாத்தாளை எடுத்துப் பார்த்தாலே, சொந்தமாகப் புரிந்தவனுக்கு எங்கே கூடுதல் கிடைக்கும் என்பது தெரியும். ஒன் மார்க் பதினான்குதான். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், எட்டு மதிப்பெண் வினாக்களில்தான் மீதி 86-ம் இருக்கிறது. காலக்கோடு வரையச் சொல்கிறார்கள். தமிழ்நாடு வரைபடம், இந்திய வரைபடம் கொடுத்துக் குறிக்கச் சொல்கிறார்கள்.

வரைபடத்தில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். விந்தியமும் சாத்பூராவும் இடம் மாறும். நர்மதையைக் கிழக்கே ஓடவிட்டு வங்காள விரிகுடாவில் சேர்ப்பார்கள். கடைசி வாரத்தில் அட்லஸைப் பார்த்துப் பார்த்துக் குறித்ததன் விளைவு அது. ஜூலை முதலே வாரம் ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, அவுட்லைன் மேப்பில் நினைவிலிருந்து குறிக்கச் சொல்லி, தப்பை அப்போதே பேசித் திருத்தினால் மார்ச்சில் கை தானாகப் போகும். நர்மதை மேற்கே ஓடுவதற்கு அந்த இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்குதான் காரணம் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் மலைகளும் இடம் மாறாது.

காலக்கோடும் அப்படியே. 1905, 1906, 1909, 1911 என்று வெறும் எண்களாக உருப்போட்டால் தேர்வறையில் கலந்துவிடும். வங்கப் பிரிவினை, அதற்கு அடுத்த ஆண்டு முஸ்லிம் லீக், மிண்டோ மார்லி சீர்திருத்தம், பிரிவினை ரத்து என்று ஒன்றிலிருந்து ஒன்று வந்த கதையாகப் பேசி வைத்திருந்தால் ஒரு ஆண்டு மறந்தாலும் பக்கத்து ஆண்டு கைகொடுக்கும்.

பொருளியலுக்கு மளிகைக்கடை பில் போதும். 'அரசாங்கமும் வரிகளும்' பாடத்தை எடுக்கும்போது வீட்டில் இருக்கும் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி இருப்பதைக் காட்டி, ஒன்று எங்கே போகிறது, மற்றது எங்கே போகிறது என்று கேட்டால் ஒன்றிய அரசின் வரி, மாநில அரசின் வரி வேறுபாடு அன்றைக்கே முடிந்தது. கேரளத்திலிருந்து வந்த பார்சலின் பில்லில் ஐஜிஎஸ்டி என்று வேறு ஏதோ இருக்கிறதே என்று பிள்ளையே கொண்டுவந்து நீட்டும்.

காசு இல்லாத வீட்டில்?

தனிப்பயிற்சி என்றாலே வசதி உள்ளவர்களின் சங்கதி என்று ஆகிவிட்டது, அதுதான் என்னை உறுத்துகிறது. பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் காசு வாங்கி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆவது பிரிவில் தடுத்திருக்கிறது. நல்ல விதிதான். வகுப்பில் அரைகுறையாக நடத்திவிட்டு மாலையில் வீட்டுக்கு வரச்சொல்லும் வழக்கத்துக்குப் போட்ட பூட்டு அது. ஆனால் மாலையில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்ற தேவை எல்லா வீட்டுக்கும் பொது. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அந்தத் தேவையைப் புரிந்துகொண்டது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் மாலையில் ஒன்றரை மணி நேரம் சொல்லித்தந்தார். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே முதலிடம் எழுத்துக்கும் எண்ணுக்கும். அது நியாயம். ஆனால் தெருவிலேயே சொல்லித்தர ஆள் உண்டு என்பதை அந்தத் திட்டம் காட்டிக்கொடுத்தது.

சமூக அறிவியலுக்கு அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது மற்றப் பாடங்களைவிட எளிது. இயற்பியலுக்குப் பட்டதாரி வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்கா இதே புத்தகத்தைத்தான் நாள்முழுக்க வைத்திருக்கிறாள். அவளுக்கும் சொல்லித்தருவதைவிடச் சிறந்த ரிவிஷன் கிடையாது. அஞ்சல் அலுவலகத்திலோ வருவாய்த்துறையிலோ ஓய்வுபெற்றவருக்கு அரசு எப்படி நடக்கிறது என்பது புத்தகம் எழுதியவரைவிட நன்றாகத் தெரியும். எமர்ஜென்சியைக் கண்ணால் பார்த்த தாத்தாவும், ரேஷன் கடையில் புழுங்கலரிசிக்கு வரிசையில் நின்ற பாட்டியும் பல வீடுகளில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 'உணவுப் பாதுகாப்பு' பாடத்தை எடுக்கும் அன்று பாட்டியை நடுவில் உட்காரவைத்து, பிள்ளை கையில் பேனாவைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம்.

மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்த வேலை. எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியில் சிறுவர்களையே சிறுவர்களுக்கு ஆசிரியராக்கினார். அந்த அனுபவத்தை 1797-ல் லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஏழாம் வகுப்புத் தங்கைக்கு விஜயநகரத்தைச் சொல்லித்தர முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஓர் அக்காவிடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி படிக்கிறாள். உள்ளாட்சி அமைப்புகள் பாடம் வந்தபோது, அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்துக்கு அம்மாவோடு போய் உட்கார்ந்து கவனிக்கச் சொல்லியிருக்கிறாள் அக்கா. பதினெட்டு வயது ஆகாததால் அந்தப் பெண் கிராமசபையில் பேச முடியாது. வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள். ஆனால் கேட்கலாம், எழுதிக்கொள்ளலாம். வரவு செலவு வாசித்ததைக் குறித்துக்கொண்டு வந்தாள். தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை வாசித்தார்கள், எங்கள் தெருவில் மூன்று விளக்கு எரிவதில்லையே, இதை யாரிடம் கேட்பது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர் என்று ஒவ்வொருவர் வேலையும் என்ன என்பதைப் புத்தகத்தில் தேடி இருவரும் ஒரு பக்கம் எழுதினார்கள். தமிழ்நாட்டில் கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்தது நவம்பர் 1, உள்ளாட்சி தினம். கூட்டத்தில் எழுந்து கேட்கப் போவது அம்மா. கேள்வியை எழுதிக் கொடுத்திருப்பது மகள்.